சேலம், சேர்வராயன் மலைப் பகுதியில் எரிசக்தி மானியச் சீர்திருத்தம்

எரிசக்தி மானியம் என்பது மின்சாரம், மண்ணெண்ணெய், சமையல் எரிவாயு, டீசல் முதலியவற்றை அடக்கவிலையிலும் குறைந்த விலைக்கோ, விலையின்றியோ வழங்கி, இடைப்பட்ட தொகையை அரசோ பிற நுகர்வோரோ ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு ஆகும். இதன் அளவையோ, பெறுவோரையோ, வழங்கும் முறையையோ மாற்றியமைத்தல் எரிசக்தி மானியச் சீர்திருத்தம் எனப்படுகின்றது. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் வேளாண்மைக்கான இலவச மின்சாரம் பற்றிய விவாதமாகவே அறியப்படுகிறது. சேலம் மாவட்டத்தில் ஏற்காட்டை உள்ளடக்கிய சேர்வராயன் மலையும் அதன் அடிவாரமும் இவ்விவாதத்தின் பல கூறுகளை ஒரே பரப்பில் கொண்டுள்ளன. மின்கட்டண உயர்வை எதிர்த்த உழவர்கள் 1972 இல் துப்பாக்கிச்சூட்டுக்கு உயிரிழந்த ஊர் அடிவாரத்தில் உள்ளது. இலவச மின்சாரத்தால் நீர் இறைக்கும் ஆழ்துளைக் கிணறுகள் சமவெளியில் நிறைந்துள்ளன. அம்மானியம் மிகக் குறைவாகவே எட்டும் பழங்குடி ஊர்கள் மலைமேல் உள்ளன.

மலையும் அடிவாரமும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான சேர்வராயன் மலை சேலம் நகருக்கு வடக்கே எழுகின்றது. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும், சேர்வராயன் கோயில் அமைந்துள்ள உச்சி 1,600 மீட்டருக்கு மேலும் உள்ளன. மலைமேல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. சமவெளி இதைவிட மிகக் குறைந்த மழையையே பெறுகின்றது. மலையில் தோன்றும் சரபங்கா ஆறு ஓமலூர், எடப்பாடி வழியாகச் சென்று காவிரியில் கலக்கின்றது. திருமணிமுத்தாறு சேலம் நகரின் ஊடாகச் செல்கின்றது. வாணியாறு வடக்கே தர்மபுரி மாவட்டத்துக்குள் இறங்குகின்றது. இவை ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகள் அல்ல. ஆகவே அடிவார வேளாண்மை கிணற்றையே நம்பியுள்ளது.

மலைமேல் காபி, மிளகு, ஆரஞ்சு தோட்டங்களும் மலையாளி எனப்படும் பழங்குடியினரின் சாமை, கேழ்வரகு நிலங்களும் உள்ளன. இவை பெரும்பாலும் மழையை நம்பியவை. சமவெளியில் மரவள்ளி, மஞ்சள், கரும்பு ஆகியவற்றுடன் வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கங்களில் பாக்குத் தோப்புகளும் உள்ளன. பாக்கு மரத்துக்குக் கோடையிலும் தண்ணீர் விட்டாக வேண்டும். ஒரு கோடை தவறினால் பல ஆண்டு உழைப்பு காய்ந்துபோகும் என்பதால், பாக்குத் தோப்புக்காரருக்கு மின்சாரம் உரத்தைப் போன்ற இன்னோர் இடுபொருள் அன்று. தோப்பின் உயிரே அதுதான்.

ஒரு பைசாப் போராட்டம்

தமிழ்நாடு மின்சார வாரியம் 1957 இல் உருவாக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஊரகங்களுக்கு மின்கம்பிகள் விரைவாகச் சென்றன. கவலை ஏற்றம் பூட்டிய கிணறுகளில் மின்பொறிகள் அமர்ந்தன. அன்று உழவர்கள் மீட்டர் கணக்கின்படி யூனிட்டுக்குப் பைசாக்களில் கட்டணம் செலுத்தினர். இக்கட்டணம் 1970 இல் உயர்த்தப்பட்டபோது கோயம்புத்தூர் மாவட்ட உழவர்கள் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் போராடினர். அவ்வாண்டு சூன் மாதத்தில் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மூவர் இறந்தனர். அரசு யூனிட்டுக்கு ஒரு பைசாவைக் குறைத்தது.

1972 இல் கட்டணம் மீண்டும் உயர்ந்தது. உழவர்கள் மாட்டுவண்டிகளைக் கோயம்புத்தூர் நகரத் தெருக்களில் நிறுத்தி நகரை முடக்கினர். 1972 சூலை 5 அன்று நடைபெற்ற முழுஅடைப்பின்போது பல இடங்களில் காவல்துறை சுட்டது. சேர்வராயன் மலைக்குத் தென்கிழக்கே, சேலம்-ஆத்தூர் சாலையில் உள்ள பெத்தநாயக்கன்பாளையம் அவற்றுள் ஒன்று. அங்கு உழவர்கள் பலர் உயிரிழந்தனர். சூலை 5 இன்றும் உழவர் ஈகியர் நாளாக நினைவுகூரப்படுகின்றது.

மின்கட்டணச் சீர்திருத்தம் பற்றிய அறிக்கைகளில் இந்நிகழ்வு அரிதாகவே குறிப்பிடப்படுகின்றது. ஆயினும் இலவச மின்சாரத்தை ஒரு தேர்தல் சலுகையாக மட்டும் காண்பது ஏன் இப்பகுதியில் எடுபடுவதில்லை என்பதற்கு இதுவே விடை எனலாம். இங்குள்ள உழவர் குடும்பங்கள் அதனை உயிர் கொடுத்துப் பெற்ற உரிமையாகவே கருதுகின்றன.

இலவசமாதல்

எம். ஜி. இராமச்சந்திரன் தலைமையிலான அரசு 1984 இல் சிறு உழவர்களுக்கு இலவச மின்சாரம் வழங்கியது. மற்றவர்களுக்கு மீட்டர் கணக்குக் கைவிடப்பட்டு, மின்பொறியின் குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்ற நிலைக்கட்டணம் வந்தது. 1990 இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு இலவச மின்சாரத்தை அனைத்து உழவர்களுக்கும் விரிவாக்கியது. மாநிலத்தில் இலவச வேளாண் மின் இணைப்புகளின் எண்ணிக்கை பின்னாளில் 23 இலட்சத்தைக் கடந்தது. குடிசைகளுக்கான ஒரு விளக்கு இணைப்பும் இலவசமாயிற்று.

வேளாண் மின்சாரத்தின் செலவில் ஒரு பகுதியை அரசு ஈடுசெய்தது. மற்றொரு பகுதி தொழிற்சாலைகள், வணிக நிறுவனங்கள் மீது அடக்கவிலைக்கு மேற்பட்ட கட்டணமாக ஏற்றப்பட்டது. இது குறுக்கு மானியம் எனப்படுகின்றது. எஞ்சியது வாரியத்தின் கடனாகச் சேர்ந்தது.

மின்சாரத்தின் விலை தொழிலின் உயிரையே தீர்மானிக்கும் நிலைக்கு இப்பகுதியிலேயே எடுத்துக்காட்டு உண்டு. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டப்பட்ட பாக்சைட்டைக் கொண்டு மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம் 1965 முதல் மேட்டூரில் அலுமினியம் உருக்கியது. ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ 14,000 முதல் 16,000 யூனிட் மின்சாரம் தேவை. ஐந்து குதிரைத்திறன் பம்புசெட்டு ஒன்று நாளுக்கு ஆறு மணிநேரம் வீதம் ஆண்டில் 200 நாள் ஓடினால் ஏறத்தாழ 4,500 யூனிட் செலவாகும். அதாவது மூன்று கிணறுகளின் ஓராண்டு நீர் ஒரு டன் உலோகத்துக்குச் சமம். 1995 இல் ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்கு மாறிய இந்நிறுவனம் பின்னர் தனக்கென அனல்மின் நிலையம் அமைத்துக்கொண்டது. 2008 இன் இறுதியில் உருக்காலை நிறுத்தப்பட்டது. பெருந்தொழில்கள் இவ்வாறு சொந்த மின்சாரத்துக்கு நகரும்போது குறுக்கு மானியம் கொடுப்போரின் எண்ணிக்கை சுருங்குகின்றது; பெறுவோரின் எண்ணிக்கை சுருங்குவதில்லை.

2003 - 2004

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 1999 இல் அமைக்கப்பட்டது. அதன் முதலாவது கட்டண ஆணை 2003 மார்ச்சில் வெளியானது. இதனையொட்டி ஜெ. ஜெயலலிதா தலைமையிலான அரசு இலவச வேளாண் மின்சாரத்தை நிறுத்தி, குதிரைத்திறன் அடிப்படையில் கட்டணம் விதித்தது. சிறு, குறு உழவர்கள் கட்டணத்தைச் செலுத்துவதும், அதற்கு ஈடான உதவித்தொகையை அரசு பணவிடை (மணியார்டர்) மூலம் அனுப்புவதும் திட்டம். பிற்காலத்தில் 'நேரடிப் பயன் மாற்றம்' என்ற பெயரில் நாடெங்கும் பேசப்பட்ட கருத்து இதுவே. வங்கிக் கணக்குக்குப் பதிலாக அஞ்சல்காரர் இருந்தார் என்பதே வேறுபாடு.

வரண்ட ஆண்டுகளின் நடுவே இம்மாற்றம் வந்தது. கிணறுகளில் நீரில்லாதபோது, நீர் இறைக்காத மின்பொறிக்கும் குதிரைத்திறன் கணக்கில் பணம் கேட்கப்பட்டது. பயன்பாட்டுக்கு விலை வைப்பதே சீர்திருத்தத்தின் அடிப்படை நியாயம். ஆனால் மீட்டர் இல்லாத நிலைக்கட்டணம் பயன்பாட்டைக் குறைக்கத் தூண்டுவதில்லை. வருவாயை மட்டுமே கூட்டும். எனவே 2003 ஆம் ஆண்டு நடவடிக்கையைச் சீர்திருத்தம் என்பதைவிடக் கட்டண வசூல் என்பதே பொருந்தும்.

2004 மே மாதத்தில் நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் வெளியாயின. ஆளும் அதிமுக கூட்டணி மாநிலத்தின் 39 தொகுதிகளிலும் தோற்றது. அரசு ஊழியர் பணிநீக்கம் முதலிய வேறு காரணங்களும் இத்தோல்விக்கு இருந்தன. ஆயினும் முடிவுகள் வெளிவந்த சில நாள்களுக்குள் அரசு திரும்பப்பெற்ற முடிவுகளுள் வேளாண் மின்கட்டணமும் ஒன்று. அதன்பின் தமிழ்நாட்டில் எந்தக் கட்சியின் அரசும் இதனைத் தொடவில்லை.

அளவிடப்படாத மின்சாரம்

வேளாண் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. ஆகவே வேளாண்மைக்குச் சென்ற மின்சாரம் மாதிரி மீட்டர்களையும் இணைக்கப்பட்ட குதிரைத்திறனையும் கொண்டு மதிப்பிடப்படுகின்றது. மின்கம்பிகளில் ஏற்படும் இழப்பையும் திருட்டையும் இம்மதிப்பீட்டுக்குள் மறைத்துவிட முடியும் என்பது நெடுநாளைய குற்றச்சாட்டு. உழவர் சங்கங்கள் தம் பெயரில் எழுதப்படும் யூனிட்டுகள் அனைத்தும் தம் வயலுக்கு வரவில்லை என்கின்றன. மின்சாரத்துறையோ மீட்டர் வைக்க உழவர்கள் விடுவதில்லை என்கின்றது. இரு தரப்பினரிடமும் எண் இல்லை என்பதே உண்மை நிலை.

மின்சாரச் சட்டம், 2003 இன் 55 ஆம் பிரிவு மீட்டரின்றி மின்சாரம் வழங்கலாகாது என்கின்றது. 65 ஆம் பிரிவு, மாநில அரசு எந்தப் பிரிவினருக்கேனும் மானியம் தர விரும்பினால் அத்தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்கின்றது. மானியம் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

வாரியம் 2010 இல் பிரிக்கப்பட்டு தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் உருவானது. 2017 சனவரியில் தமிழ்நாடு நடுவண் அரசின் உதய் திட்டத்தில் இணைந்து, கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயைத் தன்மேல் ஏற்றுக்கொண்டது. 2021 ஆகஸ்ட்டில் மாநில அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒரு யூனிட்டுக்கு 2.36 ரூபாய் இழப்பு ஏற்படுவதாகக் கூறியது. 2024 இல் கழகம் மீண்டும் பிரிக்கப்பட்டது.

கிணற்றின் ஆழமும் மானியத்தின் அளவும்

அடிவாரத்தின் பெரும்பகுதி கடினப்பாறை நிலம். இங்கு நீர் பாறை வெடிப்புகளில் மட்டுமே தங்குகின்றது. ஆற்றுப்படுகை மண்ணைப்போல் அடியில் பெரிய தேக்கம் இல்லை. பரந்த திறந்த கிணறுகள் முதலில் ஆழப்படுத்தப்பட்டன. பின்னர் கிணற்றுக்குள்ளேயே துளையிடப்பட்டது. பின்னர் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. நிலத்தடி நீர் கணக்கெடுப்புகளில் சேலம் மாவட்டத்தின் பல குறுவட்டங்கள், ஊறும் நீரைவிட எடுக்கப்படும் நீர் மிகுந்த 'மிகைநுகர்வு' வகையில் இடம்பெற்றுள்ளன.

இதன் விளைவை இயற்பியல் கணக்கு எளிதில் காட்டும். ஒரு கன மீட்டர் (1,000 லிட்டர்) நீரை 30 மீட்டர் உயர்த்த 0.08 யூனிட் ஆற்றல் போதும். பம்பின் திறன் 35 விழுக்காடு எனக் கொண்டால் 0.23 யூனிட் ஆகும். அதே நீரை 150 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்க ஏறத்தாழ 1.17 யூனிட் தேவை. பயிருக்குக் கிடைக்கும் நீரில் ஒரு சொட்டும் கூடாமலே மானியம் ஐந்து மடங்காகின்றது. மானியத்தொகை ஆண்டுதோறும் உயர்வதைக் கொண்டு உழவர் ஆண்டுதோறும் மிகுதியான நன்மை பெறுகிறார் எனக் கூறுவது இதனால் பிழையாகும். கூடிய தொகையில் ஒரு பகுதி நீர்மட்டம் இறங்கியதன் விலையே ஆகும்.

மின்சாரம் இலவசம் எனினும் நீர் இலவசம் அன்று. ஆழ்துளைக் கிணறு தோண்டும் செலவும், நீர் வராமற் போகும் துளைகளின் செலவும், மின்பொறி எரிந்தால் சுருள் கட்டும் செலவும் உழவரையே சாரும். இணைப்புப் பெறுவதற்கும் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர். விரைவில் வேண்டுவோருக்கான தட்கல் முறையில் ஐந்து குதிரைத்திறன் இணைப்புக்கு 2.5 இலட்சம் ரூபாய் கட்டணம் வைக்கப்பட்டது. இலவச மின்சாரத்தைப் பெறுவதற்கான நுழைவுக்கட்டணம் இது எனலாம். 2021 செப்டம்பரில் காத்திருப்போருக்கு ஒரு இலட்சம் இணைப்புகள் வழங்கும் திட்டமும், 2022 நவம்பரில் மேலும் 50,000 இணைப்புகளுக்கான திட்டமும் தொடங்கப்பட்டன.

மலைமேல்

வேளாண் இணைப்புப் பெற நில உரிமை ஆவணமும் கிணறும் வேண்டும். மானாவாரியாகச் சாமை விதைக்கும் மலையாளி குடும்பத்திடம் கிணறு இருப்பது அரிது. ஆகவே மாநிலத்தின் மிகப்பெரிய எரிசக்தி மானியம் சேர்வராயன் மலைச்சரிவின் பாதியிலேயே நின்றுவிடுகின்றது. மலைமேல் பெய்து இறங்கும் மழைநீரை அடிவாரத்தில் இறைக்க மானியம் உண்டு. அந்நீர் பிறக்கும் காட்டை ஒட்டி வாழ்வோருக்கு அதில் பங்கில்லை.

மலையூர்களின் எரிசக்தி நெடுங்காலம் விறகும் மண்ணெண்ணெயுமாகவே இருந்தது. நியாயவிலைக் கடை மண்ணெண்ணெய்க்கு நடுவண் அரசு அளித்த மானியம், 2016 முதல் லிட்டருக்கு 25 பைசா வீதம் சிறுகச் சிறுக விலையை உயர்த்தி, 2020 இல் முற்றிலும் நீக்கப்பட்டது. டீசலுக்கும் இதே வழிதான்: 2013 சனவரி முதல் மாதந்தோறும் ஏறத்தாழ 50 பைசா உயர்த்தப்பட்டு, 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு கைவிடப்பட்டது. ஒரு பைசாவுக்காக மாட்டுவண்டிகள் நகரை முடக்கிய மாநிலத்தில், 25 பைசா வீதம் நடந்த இந்த நீக்கம் ஏறத்தாழ ஓசையின்றி முடிந்தது. மண்ணெண்ணெய் வாங்குவோருக்குச் சங்கம் இல்லை. சீர்திருத்தம் எளிதாக நடந்த இடங்களுள் சில, எதிர்க்கும் வலிமையற்றோரின் இடங்களாகவும் இருந்தன.

சமையல் எரிவாயுவில் நடைமுறை வேறு. 2015 சனவரி முதல் நாடெங்கும் உருளையை முழு விலைக்கு வாங்கியபின் மானியம் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. போலி இணைப்புகளைக் களைய இது உதவியது. ஆனால் முழு விலையை முதலில் புரட்ட வேண்டியது நாட்கூலி பெறுவோருக்குச் சுமையானது. 2016 இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழைப் பெண்களுக்கு இணைப்பை வழங்கியது. இணைப்புக் கிடைப்பதும் உருளையை மீண்டும் நிரப்புவதும் ஒன்றல்ல. 2020 மே முதல் பொதுவான மானியம் ஏறத்தாழ நின்றது. உஜ்வலா பயனாளிகளுக்கு மட்டும் 2022 மே மாதத்தில் உருளைக்கு 200 ரூபாயும், 2023 அக்டோபரில் 300 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. காட்டில் விறகு கைக்கெட்டும் தொலைவில் உள்ள ஊரில் எரிவாயுவின் விலை உயர்ந்தால் அடுப்பு மீண்டும் விறகுக்குத் திரும்பும் என்பது எதிர்பார்க்கத்தக்கதே.

2016 மே முதல் எல்லா வீட்டு இணைப்புகளுக்கும் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. இது மலையூர் வீட்டுக்கும் எட்டிய மானியம் என்பதில் ஐயமில்லை. எனினும் ஏற்காட்டில் கோடைக்கு மட்டும் திறக்கப்படும் ஓய்வு இல்லத்துக்கும் இது ஒரே அளவில் பொருந்தியது. பூட்டிய வீட்டின் பயன்பாடு 100 யூனிட்டைத் தாண்டுவதில்லை என்பதால் அதன் யூனிட் கட்டணம் சுழியம் ஆகின்றது. விரும்புவோர் இச்சலுகையை விட்டுக்கொடுக்கலாம் என 2022 இல் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் இணைப்புகளுடன் ஆதார் எண்ணை இணைக்கும் பணி தொடங்கியது. சேலத்தின் விசைத்தறியாளர்களுக்கு 2016 முதல் இரு மாதங்களுக்கு 750 யூனிட்டும், 2023 முதல் 1,000 யூனிட்டும் இலவசமாயின.

2020 ஆம் ஆண்டு முன்மொழிவும் பிற மாநிலங்களும்

2020 இல் நடுவண் அரசு வெளியிட்ட மின்சாரச் சட்டத் திருத்த வரைவு, மானியத்தை நுகர்வோரின் கணக்கில் நேரடியாகச் செலுத்தும் முறையை முன்வைத்தது. கொரோனா காலத்தில் மாநிலங்கள் கூடுதல் கடன் பெறுவதற்கான நிபந்தனைகளிலும் இது இடம்பெற்றது. அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி இதனை எதிர்த்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அவருடைய எடப்பாடி தொகுதி சரபங்கா பாயும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. எதிர்க்கட்சியாயிருந்த திமுகவும் இதில் அவருடன் உடன்பட்டது. 2003 இல் பணவிடை வந்து சேராத கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊர்களில் 'முதலில் கட்டுங்கள், பிறகு தருகிறோம்' என்ற சொல்லுக்கு நம்பிக்கை குறைவு.

ஆந்திரப் பிரதேசம் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் வேளாண் மீட்டர்களை முன்னோடியாகப் பொருத்தியது. குசராத்து 2003 முதல் ஜோதிகிராம் திட்டத்தின்கீழ் வேளாண் மின்னூட்டிகளை வீட்டு மின்னூட்டிகளிலிருந்து பிரித்தது. மானியம் தொடர்ந்தாலும் வழங்கும் நேரம் கட்டுக்குள் வந்தது. பஞ்சாப் 2018 இல் மிச்சப்படுத்தும் மின்சாரத்துக்கு உழவருக்குப் பணம் தரும் திட்டத்தைச் சோதித்தது. பறிப்பதைவிடப் பரிசளிப்பது எளிது என்ற இவ்வழி, கடினப்பாறை நிலமான சேலத்துக்கு ஆராயத்தக்கது. ஆனால் மிச்சத்தை அளக்கவும் மீட்டர் வேண்டும்.

சூரிய ஆற்றல் பம்புகளுக்கு மாநில அரசும், 2019 முதல் நடுவண் அரசின் குசும் திட்டமும் மானியம் அளிக்கின்றன. தமிழ்நாட்டில் முதலில் இதற்கு விண்ணப்பித்தோர் இலவச மின் இணைப்புக்கான தம் மூதுரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. மின்கம்பி எட்டாத மலைநிலங்களுக்கு இப்பம்பு பொருத்தமானது. அடிவாரத்திலோ பகல் முழுதும் செலவின்றி ஓடும் பம்பு நீர்மட்டத்தை மேலும் இறக்கும் வாய்ப்பும் உள்ளது.

2021 இல் அறிவிக்கப்பட்ட பகிர்மானத் துறைச் சீரமைப்புத் திட்டத்தின்கீழ் முன்கட்டணத் திறன் மீட்டர்கள் பொருத்தப்படுவதிலிருந்து வேளாண் இணைப்புகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அவற்றுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் மின்னூட்டிகளிலும் மின்மாற்றிகளிலும் மட்டும் மீட்டர் பொருத்துதல் போதும் என அத்திட்டம் ஏற்றுக்கொண்டது.